48 செங்கல்லும் இரண்டு பலகையும்

(‘வீட்டுத் தோட்டத்துக்குப் பெரிதும் தேவை பணமா? மனமா?’ என்ற தலைப்பில் தொலைக்காட்சியில் ஒளியேறிய கருத்துக்களத்தில், ‘மனமே’ என்னும் அணியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



நடுவர் ஐயா, எதிரணித் தலைவர் சற்று முன்பு ஒரு பட்டியல் வாசித்தார். புல்தரைக்கு இவ்வளவு, கருங்கல் நாற்காலிக்கு இவ்வளவு, மீன் குளத்துக்கு இவ்வளவு, இரவில் எரியும் விளக்குக்கு இவ்வளவு, இதையெல்லாம் பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்கு மாதச் சம்பளம் இவ்வளவு. பட்டியல் முடிவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிட்டது. கடைசியாக அவர் ஒன்று சொன்னார். “கையில் காசில்லாமல், கண்டதையும் பொறுக்கி வந்து வாசலில் அடுக்கினால் அது தோட்டமில்லை, கொசுப் பண்ணை” என்றார். இந்த அரங்கில் அந்த வரிக்கு முதலில் கைதட்டியவன் யார் என்று பார்த்தீர்களா? நான்தான். எதிரணிக்காரருக்கு இவன் ஏன் கைதட்டுகிறான் என்று என் அணித் தோழர்களே திரும்பிப் பார்த்தார்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு தோட்டங்கள்

நடுவர் அவர்களே, இந்த நாட்டுத் தமிழர்களுக்குத் ‘தோட்டம்’ என்ற சொல்லில் இரண்டு பொருள் உண்டு. நாம் வேலை செய்த ரப்பர்த் தோட்டம் ஒன்று. லயத்து வீட்டின் முன்னும் பின்னும் நம் தாய்மார்கள் போட்ட சிறு தோட்டம் இன்னொன்று. முதல் தோட்டத்துக்குச் சொந்தக்காரர் துரை. இரண்டாவது தோட்டத்துக்குச் சொந்தக்காரி அம்மா.

அந்த இரண்டாவது தோட்டத்தை எதை வைத்துப் போட்டார்கள்? விளிம்பு உடைந்து போன பால் மங்கில் துளசி. அடி ஓட்டையாகிப் போன பால் வாளியில் செம்பருத்தி. காலி பிஸ்கட் டின்னில் கனகாம்பரம். வேலிக்குத் துருப்பிடித்த தகரம். உட்காருவதற்கு, வெட்டிப் போட்ட மரத்தின் ஒரு துண்டு. கடைக்குப் போய் ஒரு பூச்சட்டி வாங்கிய தாயை நான் லயத்தில் பார்த்ததே இல்லை. ஆனாலும் மாலை வேளையில் அந்த மரத்துண்டில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக் கொண்டிருப்பார்கள். மூன்றாவது ஆள் நின்றுகொண்டாவது பேசுவார். விருந்தினரை அழைக்கும் தோட்டம் என்று இன்று பத்திரிகைகளில் வண்ணப்படம் போடுகிறார்களே, அதன் இலக்கணம் அங்கே இருந்தது.

பிறகு தோட்டங்கள் விற்கப்பட்டன. செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, நம் மக்கள் மலிவு விலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் வந்து சேர்ந்தார்கள். முதல் தோட்டம் போனது நம் கையில் இல்லை. இரண்டாவது தோட்டத்தையும் சேர்த்து ஏன் விட்டுவிட்டு வந்தோம்? இன்றைக்கு என் கேள்வி அதுதான்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். என் தாயார் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் எழுந்து, வாழ்நாளில் பெரும்பகுதியை மரங்களுக்கு நடுவில் கழித்தவர். என்னோடு தாமான் வீட்டுக்கு வந்த பிறகு அவர் பார்த்த பச்சை, தொலைக்காட்சியில் வரும் பச்சைதான். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். ஒரு மாதம் கழித்து நான் அம்மாவிடம், “என்னம்மா, வெளியே போக முடியாமல் கஷ்டமாக இருக்கிறதா?” என்று கேட்டேன். அவர் சொன்னார்: “எனக்கு என்னாப்பா புதுசு? நான் எட்டு வருசமா இப்படித்தானே இருக்கேன்.”

நடுவர் ஐயா, அந்தப் பதில் என்னைச் சுட்டது. வாசலுக்கு வெளியே ஆறடி அகலம், பதினான்கடி நீளம் இடம் இருந்தது. கார் நிறுத்தியது போக மிஞ்சிய இடம். அங்கே நான் உடைந்த நாற்காலியையும் பழைய சைக்கிளையும் போட்டு வைத்திருந்தேன். அம்மா உட்கார அங்கே ஓர் இடம் இல்லை.

முதலில் வேண்டியது இருக்கை

தோட்டம் என்றதும் நாம் நாற்றங்காலுக்கு ஓடிப் பத்துச் செடி வாங்கி வருகிறோம். அது தலைகீழ் முறை. செடியைப் பார்க்க மனிதன் வேண்டாமா? மனிதன் வந்து தங்க இருக்கை வேண்டாமா? செடிக்கு முன்னால் இருக்கையைப் போடுங்கள்.

கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பழைய மர வீட்டை இடித்துக் கொண்டிருந்தார்கள். குத்தகைக்காரரிடம் கேட்டு, மாடிப்படியின் இரண்டு பலகைகளை வாங்கி வந்தேன். இரண்டும் ஐந்தடி நீளம், எட்டங்குல அகலம், இரண்டங்குலத் தடிப்பு. காசு வேண்டாம் என்றார். இரண்டு பொட்டலம் நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன். பக்கத்துத் தெருவில் வீடு புதுப்பித்தவர் மிச்சமாகப் போட்டிருந்த சிமெண்டுச் செங்கல்லில் 48 கல் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

கணக்கு மிக எளிது. ஒரு வரிசைக்கு நான்கு கல். அப்படி ஆறு வரிசை, இடையில் சிமெண்டுச் சாந்து. இதில் இரண்டு தூண். மொத்தம் 48 கல். தூண்களின் மேல் இரண்டு பலகை, நடுவில் மழைநீர் வடிய விரலளவு இடைவெளி. உயரம் ஒன்றரை அடிக்குச் சற்று மேல் வரும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த உயரம் மிக முக்கியம். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னோர் ஆள் வேண்டும். கையூன்றி எழ, ஓரத்தில் பழைய குளியலறைக் கைப்பிடிக் குழாய் ஒன்றைப் பொருத்தினேன்.

இருக்கையை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது? அழகுக்காகச் செடியைப் பார்த்துப் போடச் சொன்னார்கள். நான் தெருவைப் பார்த்துப் போட்டேன். தெருவில் போகிறவர் தலையசைக்க வேண்டும், உட்கார்ந்திருப்பவர் பதிலுக்குச் சிரிக்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் செடி இருந்தால் போதும்.

நிழலும் வழியும் வாசமும்

இரண்டாவது தேவை நிழல். எங்கள் வாசல் மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயிலில் அங்கே யாரும் உட்கார முடியாது. வீட்டு ஜன்னலை மாற்றியவர்கள் தூக்கிப் போட்ட இரும்புக் கிரில் இரண்டைக் கொண்டுவந்து, துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புச் சாயம் பூசி, இருக்கைக்கு மேற்கே தூண்களில் கட்டி நிறுத்தினேன். அதில் அவரையும் சங்குப்பூவும் ஏறின. கொடி ஏறும் வரை இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். அதுவரைக்கும் கறுப்பு நிழல் வலை கட்டினேன். மூலையில் அம்மா ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினார். முருங்கைக்கு விதை வேண்டாம், கொம்பு போதும் என்பது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும்.

மூன்றாவது தேவை கால் வைக்க நல்ல வழி. மழை பெய்தால் சேறாகும் இடத்துக்கு வயதானவர் வரமாட்டார். இரண்டங்குல மணல் பரப்பி, இடித்துக் கெட்டித்து, அதன் மேல் பழைய செங்கற்களை நெருக்கமாகப் பதித்தேன். மணலுக்கு அடியில் களை முளைக்காமல் இருக்க, 2022-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தல் முடிந்ததும் எங்கள் பகுதித் தொண்டர் ஒருவர் கொடுத்த பதாகைத் துணிகளை விரித்தேன். எல்லாக் கட்சியும் கலந்துதான், நடுவர் ஐயா. எங்கள் வாசலில் அவர்கள் ஒற்றுமையாகப் படுத்திருக்கிறார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

இங்கே ஓர் எச்சரிக்கை. உடைந்த பளிங்கு ஓடுகள் வண்ண வண்ணமாகக் கிடைக்கும். பார்க்க ஆசையாக இருக்கும். பளபளப்பான ஓடு மழையில் வழுக்கும். அதைச் சுவரோரம் அலங்காரத்துக்கு வையுங்கள். முதியவர் நடக்கும் பாதையில் வேண்டாம்.

நான்காவது தேவை வாசம். பழுதாகிப் போன சலவை இயந்திரத்தின் உள்தொட்டியைப் பார்த்திருப்பீர்கள். துருப்பிடிக்காத எஃகு, சுற்றிலும் துளை. பூச்சட்டி செய்கிறவன்கூட அவ்வளவு துளை போடமாட்டான். பழைய இரும்புக் கடைக்காரரிடம் இரண்டு தொட்டி வாங்கினேன். ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் செராய். சமையல் எண்ணெய் வந்த பெரிய டின்களில் அடியில் ஆறு துளை போட்டு, பண்டான், புதினா, கற்பூரவல்லி. மீன் கடையில் வீசும் வெள்ளை நுரைப் பெட்டியில் கங்கோங்கும் தண்டுக்கீரையும். செடிக்கு நான் செலவழித்தது ஒரு காசு இல்லை. புதினாவும் கற்பூரவல்லியும் செம்பருத்தியும் ஒடித்து நட்டால் வரும். கறிவேப்பிலை தாய்மரத்தின் வேரிலிருந்து கன்று விடும். கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை.

நான் ஏன் கைதட்டினேன்?

இப்போது எதிரணித் தலைவரின் அந்த வரிக்கு வருகிறேன். “கொசுப் பண்ணை” என்றார்.

நடுவர் அவர்களே, இப்போது நான் சொன்ன தோட்டம் என் இரண்டாவது முயற்சி. முதல் முயற்சியை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்வதில்லை. 2019-ஆம் ஆண்டு, டயரில் பூச்சட்டி செய்யலாம் என்று எங்கேயோ பார்த்துவிட்டு, பட்டறையில் கெஞ்சி ஒன்பது பழைய டயர் வாங்கி வந்து வீட்டின் பின்பக்கம் அடுக்கினேன். மூன்றில் மண் போட்டேன். மீதியை ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று விட்டேன். அடுத்த வாரம் என்பது இரண்டு மாதமானது. அதற்குள் மழை வந்தது.

ஒருநாள் சுகாதார அதிகாரிகள் எங்கள் தெருவில் வீடு வீடாகச் சோதனை செய்தார்கள். என் டயருக்குள் கைவிளக்கை அடித்துப் பார்த்த அதிகாரி, ஒரு வெள்ளைக் கரண்டியில் தண்ணீரை மொண்டு என்னிடம் நீட்டினார். உள்ளே புழுக்கள் துள்ளின. ஏடிஸ் கொசுவின் புழுக்கள். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 500 வெள்ளி அபராதம். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் அன்று ஏன் வந்தார் தெரியுமா? எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளியிருந்த ஒரு சிறுவன் டிங்கிக் காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்தான். அதனால்தான் சோதனை.

அந்தக் கொசு என் டயரில் பிறந்ததா, வேறெங்கோ பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு நாடு முழுவதும் 130,000-க்கும் அதிகமான டிங்கிச் சம்பவங்கள் பதிவாயின. எல்லாவற்றுக்கும் என் டயர் காரணமில்லை. இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தப் பையன் மருத்துவமனையில் கிடந்த ஒவ்வொரு நாளும், அவன் தாயார் என் வாசலைக் கடந்து போகும்போது நான் உள்ளே போய் நின்றுகொண்டேன். அவன் பிழைத்து வந்தான். நான் டயர்களை எல்லாம் அகற்றினேன்.

ஆகவேதான் கைதட்டினேன், நண்பரே. நீங்கள் சொன்னது சரி. ஆனால் என்னைத் தோற்கடித்தது பணமில்லாமை இல்லை. ஒன்பது டயரைக் கொண்டுவர மனம் இருந்தது. வாரம் ஒரு முறை குனிந்து பார்க்க மனம் இல்லை. நீங்கள் சொன்ன மீன் குளத்தைக் கட்டிவிட்டு, ஒரு மாதம் கவனிக்காமல் விட்டுப் பாருங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்த குளத்திலும் கொசு முட்டையிடும். அது விலை கேட்டுக்கொண்டு வருவதில்லை.

பத்து நிமிடக் கணக்கு

நேயர்களே, குறித்துக்கொள்ளுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகையால் வாரத்தில் ஒரே நாள், பத்து நிமிடம் ஒதுக்கினால் அந்தச் சங்கிலியை அறுத்துவிடலாம். எங்கள் வீட்டில் அது சனிக்கிழமை காலை. சட்டிகளுக்குக் கீழே வைத்த தட்டுகளைக் கவிழ்க்க வேண்டும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்கு மேலே பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருக்கும். உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பொறுக்கி வந்த பொருள் எதுவானாலும், அடியில் துளை போட்ட பிறகுதான் வாசலுக்குள் வர வேண்டும். இன்று வேலை செய்ய நேரமில்லை என்றால் கவிழ்த்து வையுங்கள்.

அடுத்து நஞ்சு. கிடைப்பதையெல்லாம் எடுத்துவிடக் கூடாது. கிடங்குகளில் சரக்கு அடுக்கும் பேலட் பலகை நல்ல பொருள். அனைத்துலகப் போக்குவரத்துக்கான பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரையோடு ஆங்கில எழுத்துகள் இருக்கும். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு செலுத்தியது, விட்டுவிடுங்கள். ரசாயனம் கொட்டிய கறை இருந்தால் எந்த முத்திரை இருந்தாலும் வேண்டாம். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளில் கிரியோசோட் எண்ணெய் ஊறியிருக்கலாம். கீரைப் பாத்திக்கு அருகில் வைக்காதீர்கள். சாயம் வந்த வாளியில் பூச்செடி வைக்கலாம், சாப்பிடும் கீரை வேண்டாம். பழைய கூரைத் தகட்டில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதை அறுப்பதும் உடைப்பதும் நுரையீரலுக்கு எமன். தொடவே தொடாதீர்கள். பழைய கதவின் சாயத்தில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் அதைத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

இன்னொன்று. யாராவது தூக்கி எறிந்த மேசை, நாற்காலியைப் பார்த்தால் எந்த மரம் என்று கேளுங்கள். நம் நாட்டு வீட்டுத் தளவாடங்களில் பல ரப்பர் மரத்தில் செய்தவை. நாம் பால் வெட்டிய அதே மரம்தான். வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். மழையில் நனைந்தால் பூஞ்சை பிடித்து, பூச்சி அரித்துச் சீக்கிரம் உளுத்துப் போகும். வெளியே போட, பழைய வீடுகளில் கிடைக்கும் செங்கால், மெர்பாவ் போன்ற கடின மரங்களே ஏற்றவை. பலகையின் அடி ஈரத் தரையில் படாமல் கல்லின் மேல் இருக்க வேண்டும்.

கேட்டு வாங்குங்கள்

பழையதை வைத்து அழகு படைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, இந்தியாவின் சண்டிகாரில் உள்ள பாறைத் தோட்டத்தைக் காட்டுகிறேன். நேக் சந்த் என்பவர் அங்கே பொதுப்பணித் துறையில் சாதாரணச் சாலை ஆய்வாளர். புதிய நகரத்தைக் கட்டுவதற்காகக் கிராமங்களை இடித்தார்கள். அந்த இடிபாடுகளையும் உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் பொறுக்கி, 1957-ஆம் ஆண்டு முதல் வேலை நேரம் போக மிஞ்சிய நேரத்தில், காட்டு நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிற்பத் தோட்டம் ஒன்றை உருவாக்கினார். பல ஆண்டுகள் கழித்துத்தான் அதிகாரிகளுக்கே தெரிந்தது. அதை இடிக்காமல் 1976-இல் மக்களுக்குத் திறந்து வைத்தார்கள். அவர் 2015-இல் மறைந்தார்; தோட்டத்தைப் பார்க்க மக்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தத் தோட்டத்தைத் தொடங்கி வைத்தது பணமா, நடுவர் அவர்களே?

ஆனால் ஒரு விஷயத்தில் நாம் அவரைப் பின்பற்ற வேண்டாம். அவர் அரசு நிலத்தில் ரகசியமாகச் செய்தார். நாம் கேட்டுச் செய்வோம். கட்டுமான இடத்தில் கிடக்கும் பலகைக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். வாசலுக்கு வெளியே கால்வாய் ஓரம் இருக்கும் நிலம் பெரும்பாலும் நம்முடையதில்லை. ஊராட்சி மன்றத்தைக் கேளுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் நடைபாதையை அடைக்காதீர்கள். தீ விபத்து நேர்ந்தால் அதுதான் உயிர் தப்பும் வழி. கீழே பொது இடத்தில் இருக்கை போட நிர்வாகக் குழுவிடம் பேசுங்கள். ஒருவர் கேட்டால் மறுப்பார்கள். பத்து வீட்டார் சேர்ந்து கேட்டால் யோசிப்பார்கள்.

கேட்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கடையில் வாங்கினால் சீட்டு கிடைக்கும். கேட்டு வாங்கினால் மனிதர்கள் கிடைப்பார்கள். செங்கல் கொடுத்த சீன நண்பர், தான் கொடுத்த கல் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தார். பண்டான் கன்று கொடுத்த மலாய்க்கார அம்மா, அது வேர் பிடித்ததா என்று பார்க்க வந்தார். வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். எல்லாம் அந்த இரண்டு பலகையில்தான்.

பணத்துக்கும் இடம் உண்டு

எதிரணியினருக்கு நான் நியாயம் செய்ய வேண்டும். பணமே வேண்டாம் என்று சொன்னால் அது பொய். ஒரு மூட்டை சிமெண்டு, மணல், துருத்தடுப்புச் சாயம், திருகாணிகள், நிழல் வலை, கருமண் நான்கு மூட்டை. இவற்றை நான் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். எல்லாம் சேர்த்து இருநூறு வெள்ளிக்குள் முடிந்தது. என் டயருக்குக் கட்டிய அபராதத்தில் பாதிகூட இல்லை. இதில் சிக்கனம் பிடிக்கக் கூடாத பொருள் எது என்று கேட்டால், சாந்தும் திருகாணியும் என்பேன். மனிதர் உட்காரும் இடம் ஆடக் கூடாது. தூண் காய ஒரு வாரம் விட்டு, முதலில் நானே ஏறிக் குதித்துப் பார்த்த பிறகுதான் அம்மாவை உட்கார வைத்தேன்.

நேரமும் வேண்டும். ஆறு வார இறுதிகள் ஆயின. அந்த ஆறு வாரமும் அண்டை வீட்டார் கேலி செய்தார்கள். “என்னாய்யா, குப்பை லாரி உங்க வாசல்ல கவுந்துருச்சா?” என்று ஒருவர் கேட்டார். அவரே இன்று மாலையில் வந்து உட்காருகிறார். நான் எதுவும் சொல்வதில்லை.

மாலை ஐந்தரை மணி

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள், முடித்துக் கொள்கிறேன்.

இப்போது மாலை ஐந்தரை மணிக்கு என் தாயார் வெளியே வருகிறார். வருகிறார் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன்; எட்டு வருடம் வராதவர். கறிவேப்பிலையைத் தடவிப் பார்க்கிறார். அவரைக்கொடியைத் திருப்பி விடுகிறார். பிறகு அந்தப் பலகையில் உட்காருகிறார். பண்டான் கொடுத்த மலாய்க்கார அம்மா வருகிறார். இருவரும் பாசார் மலாயில் பேசிக் கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது; பெரும்பாலும் முழங்கால் வலியைப் பற்றித்தான் இருக்கும். உள்ளே தொலைக்காட்சி யாரும் பார்க்காமல் ஓடிக் கொண்டிருக்கிறது. தொலைக்காட்சி நிலையத்தார் என்னை மன்னிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் பத்து நிமிட வேலைக்கு எனக்கு ஒரு துணை உண்டு. நான்கு வீடு தள்ளியிருக்கும் அந்தப் பையன்தான். இப்போது வளர்ந்துவிட்டான். ஒருநாள் அவன் தாயாரிடம் போய், அன்று அபராதம் கட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “இனிமே இவனையும் கூட்டிப் போய்ப் பாருங்க, அண்ணே” என்றார். அவன்தான் இப்போது கைவிளக்கோடு ஒவ்வொரு சட்டிக்கு அடியிலும் குனிந்து பார்க்கிறான். அவன் சரி என்று சொன்னால்தான் அந்த வாரம் எங்களுக்கு வேலை முடிந்தது.

பெரிய முற்றம் உள்ளவர்கள் பணம் போட்டுத் தோட்டம் அமைக்கட்டும். எனக்குப் பொறாமை இல்லை. ஆனால், “எனக்குப் பணமில்லை, அதனால் தோட்டமில்லை” என்று சொல்லி வயதான தாயை, தந்தையை இரும்புக் கதவுக்கு உள்ளேயே வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு, அப்படி வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் தெருவில் யாரோ ஒருவர் வீடு புதுப்பிக்கிறார். வாசலில் 48 செங்கல் நிச்சயம் மிஞ்சும். நாளைக்கே போய்க் கேளுங்கள்.

வீட்டுத் தோட்டத்துக்குப் பெரிதும் தேவை மனமே, வாரந்தோறும் குனிந்து பார்க்கும் மனமே.